செங்கோடன் ஜீப்பும் அசல் கூலன்டும்

மேற்குமலைச் சரிவில் இருந்த ஒரு காட்டில், நடந்து போவது கௌரவக் குறைச்சல் என்று விலங்குகள் எல்லாம் முடிவுகட்டிவிட்ட காலத்தில், செங்கோடன் என்ற கரடி ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் கிளம்பினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி உச்சிப்பாறையில் கொண்டுபோய் இறக்கும். ஒரு நாளைக்கு நான்கு நடை. முன்னால் இரண்டு பேர், நடுவில் நான்கு பேர். பின்னால் எத்தனை பேர் என்று கேட்பது மரியாதை அல்ல. காட்டுப்பன்றி ஏறினால் இரண்டு டிக்கெட். அணில் ஏறினால் மடியில் வைத்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும்.

ஆறு வருஷம் தேன் எடுத்து விற்று வாங்கிய ஜீப் அது. கொம்பன் கம்பெனித் தயாரிப்பு. பானட்டின் மேல் தந்தம் மாதிரி இரண்டு வெள்ளிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வாங்கிய நாளில் சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை செங்கோடன் இன்றுவரை கழற்றவில்லை. கழற்றினால் சீட் அழுக்காகும். கழற்றாததால் ஒவ்வொரு வளைவிலும் பயணிகள் மொத்தமாக வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போய்ச் சேர்வார்கள். அடுத்த வளைவில் மறுபக்கம். ஜீப்போடு வந்த கையேட்டையும் அது பிரிக்கவில்லை. ஒட்டிய உறையோடு அப்படியே முன்பெட்டிக்குள் கிடந்தது. வாரண்டி அட்டையை மட்டும் லேமினேட் செய்து, எலுமிச்சம்பழம் மிளகாயோடு கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தது. மூன்று வருஷ வாரண்டி. இரண்டு வருஷம் பத்து மாதம் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பானட்டைத் திறந்து பார்த்தபோது கூலன்ட் இறங்கியிருந்தது. கூலன்ட் என்பது எஞ்சின் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் பச்சைத் திரவம். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பாவில் வெளியே தெரியும். டப்பாவில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. திரவம் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

செங்கோடன் முதல் நடையை ரத்து செய்துவிட்டு, கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனது.

அங்கே ஏசி இருந்தது. டோக்கன் எடுக்கிற மிஷின் இருந்தது. முப்பத்தேழாம் டோக்கன் வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு, திவாகர் என்கிற நரி கூப்பிட்டது. அதுதான் சர்வீஸ் அட்வைசர். சிவப்பு டை கட்டியிருந்தது.

"சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?"

"பிரச்சினை எல்லாம் இல்லீங்க. கூலன்ட் கொஞ்சம் இறங்கியிருக்குது. ஒரு டப்பா குடுத்தீங்கன்னா நானே ஊத்திக்குவேன்."

நரி பேனாவைக் கீழே வைத்தது. "நீங்களே ஊத்துவீங்களா சார்?"

"மூடியைத் திறந்து ஊத்தறதுதானுங்களே?"

"முதல்ல ஃபார்ம் போடுங்க சார்."

ஃபார்மில் பதினாறு கட்டங்கள். வண்டி எண், எஞ்சின் எண், உரிமையாளரின் உரோம நிறம் எல்லாம் போட்டுக்கொண்டே வந்த செங்கோடன், பதினொன்றாம் கட்டத்தில் நின்றது.

"இதென்னங்க, 'கடைசியாகக் குளிர்கால உறக்கம் கொண்ட தேதி'ன்னு போட்டிருக்குது? நாங்க அப்படியெல்லாம் மாசக்கணக்காத் தூங்கறதில்லீங்க. அது பனி பெய்யற ஊர்க் கரடிங்க."

"தெரியும் சார். ஃபார்ம் அங்கேர்ந்துதான் வருது. ஏதாவது ஒரு தேதி போடுங்க, காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது."

செங்கோடன் கல்யாணத் தேதியைப் போட்டது. நரி வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "கொம்பன் அசல் கூலன்ட் இப்ப ஸ்டாக் இல்ல சார். தலைமை அலுவலகத்திலேர்ந்து வரணும். பதினஞ்சு இருபது நாள் ஆகும்" என்றது.

"அதுவரைக்கும் என்ன பண்றதுங்க?"

"வண்டிய ஓட்டாம இருந்தா ரொம்ப நல்லது."

"அப்ப வெளியில எங்கயாச்சும் வாங்கி…"

நரி உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. "சார், நீங்க அதைச் சொல்லல, நான் கேக்கல. வெளி கூலன்ட் ஒரு சொட்டு உள்ள போனாலும் வாரண்டி போயிடும். எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கியர் ஆயில், எல்லாத்துக்கும் இதேதான். வைப்பர் தண்ணி கூட நம்ம அசல் வைப்பர் தண்ணிதான் ஊத்தணும்."

"வைப்பருக்கு நான் குழாய்த் தண்ணி ஊத்திட்டனுங்களே!"

"அதையும் நான் கேக்கல சார்" என்றது நரி பெருந்தன்மையாக.

செங்கோடன் வெளியே வந்தபோது அதற்கு வியர்த்திருந்தது. ஏசியில் வியர்த்த முதல் கரடி அதுவாகத்தான் இருக்கும்.

நேராக மஸ்தான் பாய் பட்டறைக்குப் போனது. மஸ்தான் பாய் ஓர் உடும்பு. பலாமரத்தடியில் பட்டறை. எப்போது போனாலும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கும், வால் மட்டும் வெளியே தெரியும். வாலைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"பாய், கூலன்ட் இருக்குதுங்களா? சும்மா கேக்கறேன். வாங்கறதுக்கு இல்ல."

"இருக்கு. வெள்ளைக் கேன். கம்பெனி விலையில பாதி." அடியிலிருந்து குரல் வந்தது.

"நல்லதுங்களா?"

உடும்பு ஊர்ந்து வெளியே வந்தது. முகமெல்லாம் கிரீஸ். "இங்க பாரு செங்கோடா, நல்லது கெட்டது எனக்குத் தெரியாது. கேன் பின்னாடி கே-ஏழுன்னு போட்டிருக்கு பாரு, அது தரம். உன் வண்டிப் புத்தகத்துல என்ன தரம் கேட்டிருக்குன்னு பாத்துட்டு வா. கே-ஏழுன்னு இருந்தா தாராளமா ஊத்து. வேற நம்பர் இருந்தா நானே குடுக்க மாட்டேன். பச்சையா இருக்கு, சிவப்பா இருக்குன்னு நிறத்தைப் பாத்து வாங்கறவங்களைத்தான் பெரும்பாலும் நான் சங்கிலி கட்டி இழுத்துட்டு வர்றேன்."

"புத்தகம் ஒறை பிரிக்காம இருக்குதுங்க."

"பிரி."

"விக்கும்போது கேப்பாங்களே!"

மஸ்தான் பாய் பானட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்தது. "கூலன்ட் தானா இறங்கலப்பா. இந்த ஹோஸ்ல கிளிப் லூசா இருக்கு, கசியுது. இரு, திருகி விட்டுடறேன். காசு வேணாம்."

"ஐயோ, வேணாம் பாய்! வெளியாள் கை வெச்சது தெரிஞ்சா வாரண்டி போயிடும்!"

உடும்பு கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் அங்காயிதான் கேட்டது. அங்காயி செங்கோடனின் மனைவி, ஒரே மூச்சில் மூன்று பேர் வேலையைச் செய்யும் கரடி. "அந்தப் பச்சைத் தண்ணி ஊத்தியாச்சுங்களா?"

"கம்பெனி சரக்கு வரணும். பாய்கிட்ட இருக்கிறது நல்லதா கெட்டதான்னு தெரியல. யோசிச்சுட்டிருக்கேன்."

"எத்தன நாளா?"

"நாலு நாளா."

"ஏதாவது ஒண்ண ஊத்துங்க. இல்லாட்டி அந்த வண்டியை ஓட்டாதீங்க. ரெண்டும் பண்ணாம யோசிச்சுட்டே ஓட்டறதுக்கு எந்தக் கம்பெனி வாரண்டி குடுக்குது?"

செங்கோடனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சரியான கேள்வி என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் கசிவு சொட்டுச் சொட்டாகத்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டது. கெட்டதை ஊற்றி எஞ்சின் போய்விட்டால் குற்றம் தன் மேல் வரும். ஒன்றும் ஊற்றாமல் போனால் அது விதி. இப்படி அதற்கு ஒரு கணக்கு.

விஷயம் ஜீப்புக்குள் பரவியது. மூன்று வாரம் வேறு பேச்சே இல்லை. இடப்பக்கம் அசல் கட்சி உட்கார்ந்தது. வலப்பக்கம் லோக்கல் கட்சி.

அசல் கட்சிக்குத் தலைவர் ஒரு காட்டெருமை, ரிட்டயர்டு தலைமையாசிரியர். "என் மச்சினன் வெளிப் பிரேக் ஆயில் ஊத்தினான். என்ன ஆச்சு தெரியுமா? ஹாரன் அடிக்கல!" என்றது அது.

"பிரேக் பிடிச்சுதுங்களா?" என்று கேட்டது எதிர்ப்பக்கத்துக் காட்டுப்பன்றி.

"பிரேக் பிடிச்சது. ஹாரன் அடிக்கலையே, அதுக்கு என்ன சொல்றே?"

"நான் பத்து வருஷமா எல்லாத்துக்கும் தேங்கா எண்ணெய்தான் ஊத்தறேன். வண்டி கமகமன்னு போகுது" என்றது காட்டுப்பன்றி.

"எங்க உன் வண்டி?"

"இப்ப நிக்குது."

அதற்குள் வளைவு வரும். பிளாஸ்டிக் சீட்டில் அசல் கட்சி முழுவதும் வழுக்கிப் போய் லோக்கல் கட்சியின் மடியில் விழும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து உட்கார்வதற்குள் அடுத்த வளைவு.

தினமும் வரும் பயணிகளில் பரிமளம் என்ற தேவாங்கு மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. உச்சிப்பாறை அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தும் வேலை அதற்கு. பகலில் தூங்க வேண்டிய பிராணி, வேலை கிடைத்தது பகல் ஷிப்டில். முகத்தில் பாதி கண். எத்தனை பொடி எழுத்தாக இருந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

"அண்ணா, அந்தப் புத்தகத்தைக் குடுங்க. ரெண்டு நிமிஷத்துல பாத்துச் சொல்லிடறேன்" என்று அது தினமும் கேட்டது.

"பிரிக்கக் கூடாதுங்க அம்மிணி" என்று செங்கோடன் தினமும் சொன்னது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

பதினொரு மணி நடைக்கு செங்கோடன் கிளம்பும் நேரத்தில், காத்தவராயன் என்ற மிளா மான் மூச்சிரைக்க ஓடி வந்தது. அதன் பின்னால் மெதுவாக நடந்து வந்தது மனைவி செவ்வந்தி. நிறைமாதம். வலி ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரி உச்சிப்பாறையில்.

நடுச் சீட்டு முழுவதையும் செவ்வந்திக்கு விட்டார்கள். பரிமளம் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தது. அன்று வேறு இரண்டு பேரும் ஏறியிருந்தார்கள். ஒன்று மஸ்தான் பாய். பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு, மேலே இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் புறப்பட்டிருந்தது. இன்னொன்று நரி திவாகர். உச்சிப்பாறையில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி முகாம்' நடத்தப் போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் வளைவு தாண்டும்போது சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைக் கடந்தது. ஒன்பதாம் வளைவில் சிவப்பைத் தொட்டது. பானட்டுக்குள்ளிருந்து சீறல் சத்தம். வெள்ளித் தந்தங்களுக்கு நடுவில் குபுகுபுவென்று ஆவி. செங்கோடன் ஓரங்கட்டி நிறுத்தியது. பானட்டைத் திறந்தால், வெள்ளை டப்பாவில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

செங்கோடன் பதறிப்போய் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தது.

"தொடாதே!" என்று மஸ்தான் பாய் கத்தியது. "இப்பத் திறந்தா கொதிதண்ணி மூஞ்சியில அடிக்கும். அரை மணியாவது ஆறணும்."

"பாய், உங்க வெள்ளைக் கேன் இருக்குதுங்களா?"

"லீவு நாள்ல கேனைத் தூக்கிட்டா திரிவாங்க? கடையில இருக்கு."

"சார், உங்க அசல் சரக்கு?"

"வந்துட்டே இருக்கு சார். நேத்துக்கூட ஃபாலோ அப் பண்ணினேன்" என்றது நரி.

அசல் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. லோக்கல் கீழே இருந்தது. மேலே செவ்வந்தி மட்டும்தான் இருந்தது, வலியோடு.

காத்தவராயன் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சாலைக்கு இருபதடி கீழே ஓர் ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி இருக்குதே, தண்ணி ஊத்தக் கூடாதா?" என்று கத்தியது.

"சார், அவசரப்படாதீங்க" என்றது நரி. "ஓடைத் தண்ணி ஊத்தினா வாரண்டி அப்பவே காலி. ஹெல்ப்லைன்ல ஒரு வார்த்தை கேட்டு அனுமதி வாங்கிடலாம். நம்ம ஹெல்ப்லைன் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு." தன் போனையே எடுத்து ஸ்பீக்கரில் போட்டது.

ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தியது. நான்கை அழுத்தச் சொன்னது. அழுத்தியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பதினைந்து நிமிஷம் கழித்து ஒரு குரல் வந்ததும் நரி நிமிர்ந்து நின்று டையைச் சரிசெய்தது.

"வணக்கம், நான் அடிவாரம் சென்டர் அட்வைசர் திவாகர் பேசறேன். இங்க ஒரு எமர்ஜென்சி."

"டோக்கன் நம்பர் சொல்லுங்க சார்."

"நான் ஸ்டாஃப்! கம்பெனி ஆள்!"

"சந்தோஷம் சார். டோக்கன் நம்பர்?"

மறுபடியும் பாட்டு. நரியின் வால் தரையில் விழுந்தது. அது இதுவரை அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை, அடுத்தவர்களைக் கேட்க வைத்துத்தான் பழக்கம்.

அதே நேரத்தில் ஜீப்புக்குள் ஒரு சின்னக் கனைப்புச் சத்தம். குட்டி பிறந்துவிட்டது. பரிமளத்துக்கு இரண்டு குட்டிக் கைகள். எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் தொடாத கைகள். இருந்தாலும் குட்டியைத் துடைத்துத் தாயின் கழுத்தோரம் வைத்தது. காத்தவராயன் ஓடுவதை நிறுத்திவிட்டு அழுதது.

"பையனுங்க" என்றது பரிமளம்.

செவ்வந்தி குட்டியை நக்கிக் கொடுத்தது. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது: "இன்னொண்ணு இருக்கு. அது அசையல. குறுக்கால கிடக்குதுன்னு நினைக்கிறேன்."

போனில் பாட்டு மட்டும் கேட்டது.

பரிமளம் எழுந்து முன்சீட்டுக்குத் தாவியது. முன்பெட்டியைத் திறந்தது. கையேட்டை எடுத்தது. செங்கோடனை ஒரு பார்வை பார்த்தது. செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பரிமளம் பல்லால் உறையைக் கிழித்தது.

பக்கங்களைப் புரட்டி, பொடி எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தது. "பக்கம் நூற்றி நாற்பத்திமூன்று. 'கே-7 தரமுள்ள கூலன்டையே பயன்படுத்தவும். தயாரிப்பாளர் யாராகவும் இருக்கலாம்.' அடுத்த வரி. 'வழியில் அவசரம் நேர்ந்தால், எஞ்சின் ஆறிய பின் சுத்தமான தண்ணீரை ஊற்றி, மெதுவாக ஓட்டி, விரைவில் கூலன்ட் மாற்றிக்கொள்ளவும்.'"

"அது பழைய பதிப்பா இருக்கும்" என்றது நரி. ஆனால் குரலில் தெம்பில்லை.

"இவ்வளவுதானா?" என்றது செங்கோடன். "மூணு வாரமா இந்தப் பெட்டிக்குள்ளயேவா இருந்துச்சு?"

"செங்கோடண்ணா" என்று செவ்வந்தி கூப்பிட்டது. "உள்ள இருக்கிறது வாரண்டி எல்லாம் பாத்துட்டு இருக்காதுங்கண்ணா. ஏதாச்சும் பண்ணுங்க."

செங்கோடன் கண்ணாடியில் தொங்கிய அட்டையைப் பார்த்தது. இன்னும் ஒரு மாதமும் பத்து நாளும் பாக்கி. பிறகு முன்சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையில் நகத்தை மாட்டி, ஒரே இழுப்பாக இழுத்தது. சர்ரென்று கிழிந்து வந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது அதன் நெஞ்சுக்குள் ஏதோ பிய்ந்தது போலவும் இருந்தது, ஏதோ இறங்கியது போலவும் இருந்தது. உறையைச் சுருட்டிப் பை மாதிரி பிடித்துக்கொண்டு ஓடைக்குச் சரிந்து இறங்கியது. கரடி அவ்வளவு வேகமாக இறங்கும் என்று அதற்கே தெரியாது.

அது தண்ணீரோடு ஏறி வருவதற்குள் மஸ்தான் பாய் ஹோஸ் கிளிப்பைத் தேடிப் பிடித்து நகத்தால் திருகி இறுக்கிவிட்டது. துணியை வைத்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஆறியிருந்தது. உறையை நரி ஒரு முனையில் பிடித்துக்கொள்ள, கரடி ஊற்றியது. ஆமாம், நரியும் பிடித்தது. அந்த நேரத்தில் டையை அவிழ்த்துப் பைக்குள் வைத்திருந்தது.

ஜீப் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே மீதி ஐந்து வளைவுகளையும் ஏறியது. முள் சிவப்புக்குப் பக்கத்திலேயே நின்றது, தொடவில்லை. உச்சிப்பாறை ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் ஒரு கருமந்திக் குரங்கு, அதிகம் பேசாத ஆள். செவ்வந்தியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியது.

முக்கால் மணி நேரம். செங்கோடன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷம் பத்து மாதத்தில் முதல் தடவையாக அது அந்தச் சீட்டின் துணியில் உட்கார்ந்திருந்தது. வழுக்கவில்லை. மெத்தென்று இருந்தது. பக்கத்தில் காத்தவராயன் மூத்த குட்டியைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக நின்றது.

கதவு திறந்தது. "பெண் குட்டி. கொஞ்சம் பயமுறுத்திட்டா. இப்ப நல்லா இருக்கா. அம்மாவும் நல்லா இருக்காங்க. இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டது.

மூத்தவனுக்கு ஓடையப்பன் என்றும் இளையவளுக்குப் பரிமளம் என்றும் பேர் வைத்தார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் திங்கட்கிழமை செங்கோடனை சர்வீஸ் சென்டரில் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டாம் டோக்கன். நரி எதிரே உட்கார்ந்திருந்தது.

"சார், அங்கீகரிக்கப்படாத ஓடையிலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கீங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. வாரண்டி ரத்தாகுது."

"யாருங்க ரிப்போர்ட் குடுத்தது?"

"நான்தான் சார்."

"நீங்கதானுங்களே ஒரு முனையப் பிடிச்சீங்க!"

நரி குரலைத் தாழ்த்தியது. "அன்னைக்கு நான் பயணி சார். மனசாரப் பிடிச்சேன். இன்னைக்கு டை கட்டியிருக்கேன்."

செங்கோடன் அட்டையை நீட்டியது. நரி 'ரத்து' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது. தனக்கு அழுகை வரும் என்று கரடி எதிர்பார்த்திருந்தது, வரவில்லை. பசிதான் வந்தது. கிளம்பும்போது, "அசல் கூலன்ட் இன்னைக்குக் காலையில வந்துடுச்சு சார், ஒண்ணு எடுத்து வைக்கவா?" என்று நரி கேட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று செங்கோடன் ஒன்றை வாங்கிக்கொண்டு மஸ்தான் பாய் பட்டறைக்குப் போனது. கூடவே வந்திருந்த தேவாங்கு பரிமளம் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் இருந்த எறும்பு எழுத்தைப் படித்தது. அசலில், 'தயாரிப்பு: கருங்கல் மேடு, மூன்றாம் குகை.' வெள்ளைக் கேனிலும், 'தயாரிப்பு: கருங்கல் மேடு, மூன்றாம் குகை.'

"அதே குகை, அதே கே-ஏழு. பேர்தான் வேற, விலைதான் வேற" என்றது பரிமளம்.

மஸ்தான் பாய் ஓடைத் தண்ணீரை வடித்துவிட்டு, எஞ்சினைக் கழுவி, வெள்ளைக் கேனை ஊற்றியது. "வெறும் தண்ணியை விட்டு வெச்சா உள்ள துருப் பிடிக்கும். இனிமே நிம்மதியா ஓட்டு."

நிம்மதியாக ஓட்ட முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் காடு முழுக்க வேறு செய்தி பரவியிருந்தது. ஒன்பதாம் வளைவு ஓடைத் தண்ணீரை ஊற்றினால் செத்த வண்டியும் எழுந்து மலை ஏறுமாம், சிக்கலான பிரசவமும் சுகமாக முடியுமாம். ஓடைக்கரையில் குடத்தோடும் கேனோடும் வரிசை நின்றது. ஒரு வாரத்தில் கொம்பன் கம்பெனி 'கொம்பன் அசல் ஓடைநீர்' என்று நீலப் பாட்டிலில் விற்க ஆரம்பித்தது. அந்த ஓடையின் கரையிலேயே கடை போட்டு, அந்த ஓடையிலேயே மொண்டு விற்றார்கள். எதிர்க்கரையில் யாரோ வெறும் பாட்டிலில் பாதி விலைக்கு விற்றார்கள். காட்டெருமை தலைமையாசிரியர் அசல் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று கூட்டம் போட்டது. காட்டுப்பன்றி லோக்கல் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்தது.

பரிமளம் வரிசையில் போய் நின்று கையேட்டை விரித்துக் காட்டியது. "தண்ணி அவசரத்துக்குத்தான். துருப் பிடிக்கும். இங்க பாருங்க, நூற்றி நாற்பத்திமூன்றாம் பக்கம்." எல்லோரும் அதைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "புத்தகம் படிச்சுப் படிச்சுத்தான் கண்ணு இப்படி ஆயிடுச்சு பாவம்" என்றது ஓர் அணில்.

செங்கோடனிடம் பயணிகள் ஏறுவதற்கு முன் கேட்டார்கள்: "என்ன தண்ணி ஊத்தியிருக்கே? அசலா, லோக்கலா?"

"தண்ணியே இல்லீங்க. கே-ஏழு கூலன்ட்" என்று செங்கோடன் உண்மையைச் சொன்னது.

ஏறவில்லை. உலகமே தண்ணீருக்கு மாறிவிட்டது, இது இன்னும் கூலன்ட் ஊற்றிக்கொண்டிருக்கிறதே என்று சொல்லி, தண்ணீர் ஊற்றிய வண்டிகளைத் தேடிப் போனார்கள். எட்டு நாள் காலி ஜீப் மலை ஏறி, காலி ஜீப் மலை இறங்கியது. பரிமளம் மட்டும் வந்தது.

ஒன்பதாம் நாள் அங்காயி ஒரு பலகையும் பெயிண்டும் எடுத்துக்கொண்டு வந்தது. எழுதியது. ஜீப்பின் முன்னால் கட்டியது. 'ஒன்பதாம் வளைவு ஓடைநீரில் ஓடும் ஆதி வண்டி இதுவே.'

"பொய்யில்லையா?" என்றது செங்கோடன்.

"அன்னைக்கு ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"அப்புறமென்ன? வண்டியை எடுங்க."

அன்று முதல் நடையிலேயே பின்னால் எத்தனை பேர் என்று கேட்க முடியாத கூட்டம். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிய வண்டிகள் துருவும் ஆவியும் கக்கிக்கொண்டு நின்றன. செங்கோடன் ஜீப் மட்டும் சத்தமில்லாமல் ஏறியது.

"பாத்தீங்களா, அசல் தண்ணி எப்படி இழுக்குது!" என்றது காட்டெருமை.

"லோக்கல் தண்ணிங்க. அதான் இழுக்குது" என்றது காட்டுப்பன்றி.

செங்கோடன் கியரை மாற்றிக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று இரண்டு பக்கமும் தலையாட்டியது. முன்சீட்டில் பரிமளம் புத்தகத்தை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு, ஒரு வழியாகப் பகலில் தூங்கப் பழகிக்கொண்டது.

நீதி: வண்டிக்குள் புத்தகம் சொன்னதை ஊற்றுங்கள். வண்டிக்கு வெளியே ஊர் சொல்வதை எழுதித் தொங்கவிடுங்கள். இடம் மாற்றிச் செய்தவர்களைத்தான் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.